புயல் போன பின்னர் பார்க்க வேண்டிய அட்டவணை: களனி கங்கை நீர்மட்ட அறிக்கை பற்றிய ஒரு மதிப்புரை

உணவகங்களுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் சளைக்காமல் மதிப்புரை எழுதும் நாம், உயிரோடும் உடைமையோடும் நேரடியாகத் தொடர்புபட்ட பொதுச்சேவைகளை அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. இலங்கையின் நீர்ப்பாசனத் திணைக்களம் தயாரித்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இணையத்தளத்தில் வெளியாகும் ஆற்று நீர்மட்ட, மழைவீழ்ச்சி அறிக்கை அத்தகைய ஒரு சேவை. பார்ப்பதற்கு அது எண்கள் நெருக்கியடித்து நிற்கும் ஓர் அட்டவணை மட்டுமே. ஆயினும் களனி கங்கையை அண்டி வசிப்பவர்களுக்கும், அந்தப் பக்கத்தில் கடையோ களஞ்சியமோ உறவினரோ உள்ளவர்களுக்கும், அடைமழைக் காலத்தில் இதைவிடப் பயனுள்ள தகவல் கொழும்பில் வேறு எங்கும் இலவசமாகக் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதன் சிறப்பையும், அது நம்மைப் போன்ற வாசகர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்படவில்லை என்ற குறையையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

இந்த அறிக்கையின் அருமை விளங்க வேண்டுமானால், புயலின் தரம் எதைக்கொண்டு தீர்மானிக்கப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் உருவாகும் தாழமுக்கங்களை இந்திய வானிலைத் துறை காற்றின் வேகத்தை வைத்தே வகைப்படுத்துகிறது. காற்று மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டினால் அது பெயர் சூட்டப்படும் புயலாகிறது. அதற்குக் கீழே இறங்கினால் ஆழ்ந்த தாழமுக்கம், இன்னும் குறைந்தால் வெறும் தாழமுக்கம். எவ்வளவு மழை பெய்கிறது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. நிலத்துக்குள் நுழைந்த புயலுக்கு வெதுவெதுப்பான கடல் தந்துகொண்டிருந்த நீராவி அற்றுப்போகிறது, தரையின் உராய்வும் அதைத் தடுக்கிறது, ஆகவே காற்று தளர்கிறது. ஆனால் அது ஏற்கெனவே சுமந்து வந்த ஈரம் ஓரிரவில் மறைந்துவிடுவதில்லை. தளர்ந்த தொகுதி மெதுவாக நகர்ந்தாலும், ஓரிடத்திலேயே தங்கினாலும், மலைத்தொடரில் மோதி மேலெழுந்தாலும், அந்த ஈரம் முழுவதும் ஒரே வட்டாரத்தில் கொட்டித் தீர்கிறது. 2017 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையைக் கடந்த ஹார்வி, காற்றின் வேகம் வெகுவாகக் குறைந்த பின்னரும் நாட்கணக்கில் அங்கேயே சுற்றி நின்று, சில இடங்களில் 1,500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழையைப் பெய்தது. 2024 செப்டெம்பரில் புளோரிடாவில் கரையேறிய ஹெலீன், கடலிலிருந்து மிகத் தொலைவில் உள்ள வட கரோலினாவின் மலைப்பகுதிகளில் ஏற்படுத்திய வெள்ளத்தையும் மண்சரிவையும் உலகமே பார்த்தது.

நமது அனுபவமும் இதுவே. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடிய 17ஆம் திகதி, அந்த மழைக்குக் காரணமான தொகுதிக்கு இன்னும் பெயரே சூட்டப்படவில்லை; ரோவானு என்ற பெயர் அதற்கு 19ஆம் திகதியே கிடைத்தது. 2017 மே 25, 26ஆம் திகதிகளில் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்கள் மூழ்கியபோதும் மோரா புயல் பிறந்திருக்கவில்லை. 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் நுழைந்த டித்வா, காற்றின் அளவில் பார்த்தால் உலகம் கண்ட பெரும் புயல்களின் வரிசையில் வைக்கக்கூடியது அன்று. அப்படியிருந்தும், அது மலைநாட்டின்மீது கொட்டிய மழை 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கொழும்பைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டித்வா தீவை விட்டு வடக்கே விலகிக்கொண்டிருந்தபோதுதான் களனியின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. கடுவலை, கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்கள் தண்ணீருக்குள் நின்றவேளை புயல் செய்தி ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. இந்த இடைவெளியில் நமக்குக் கைகொடுப்பது காற்றின் வரைபடம் அல்ல, ஆற்றின் அட்டவணை.

அட்டவணையில் ஒவ்வோர் ஆற்றுக்கும் உரிய அளவீட்டு நிலையங்கள் வரிசையாகத் தரப்பட்டிருக்கும். ஒரு நிலையத்தின் பெயருக்கு நேரே மூன்று நிரந்தர எண்கள் உண்டு: விழிப்பு மட்டம், சிறு வெள்ள மட்டம், பெரு வெள்ள மட்டம். அவற்றை அடுத்து, முந்திய நேரத்தின் நீர்மட்டமும் அண்மைய நேரத்தின் நீர்மட்டமும் பக்கம் பக்கமாக இருக்கும். பின்னர் நிலைமை பற்றிய குறிப்பு, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற குறிப்பு, மழைவீழ்ச்சி மில்லிமீற்றரில். இவ்வளவே. அலங்காரம் எதுவும் இல்லை, பயமுறுத்தும் வார்த்தைகளும் இல்லை. இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்துகள் ஓடும்போது மனம் பதறுகிறதே தவிர, என்ன செய்ய வேண்டும் என்பது விளங்குவதில்லை. இந்த அட்டவணையில் இரண்டு எண்களைக் கழித்துப் பார்த்தால், ஆற்று நீர் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பது தெரிந்துவிடுகிறது. பெரு வெள்ள மட்டத்துக்கு இன்னும் எவ்வளவு மீதம் என்பதும் தெரிகிறது.

களனிக்குரிய வரிசைகளில் கொழும்பு வாசகர் பழகிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மலையில் நோர்வூட், அதன் கீழே கித்துல்கலை; கிளை ஆறுகளில் தெரணியகலையும் ஹொலொம்புவையும்; அவற்றின் நீரெல்லாம் சேர்ந்த பின்னர் அவிசாவளைக்கு அண்மையில் கிளென்கோஸ்; அதற்கும் கீழே ஹங்வெல்ல; கடைசியாக கிராண்ட்பாஸில் உள்ள நாகலகம் வீதி. கிளென்கோஸில் விழிப்பு மட்டம் 15 மீற்றர், சிறு வெள்ளம் 16.5, பெரு வெள்ளம் 19. ஹங்வெல்லயில் அவை முறையே 7, 8, 10 மீற்றர். நாகலகம் வீதிக்கு வந்தால் 4, 5, 7 என்று இருக்கும். ஆனால் இவை மீற்றர் அல்ல, அடி. ஏனைய நிலையங்கள் மீற்றரில் இருக்க, தலைநகரின் வாசலில் உள்ள நிலையம் மட்டும் அடியில் தரப்படுகிறது. அலகைக் காட்டும் நிரல் ஒன்று இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் நள்ளிரவில், மின்சாரம் இல்லாத வீட்டில், கைத்தொலைபேசியின் சிறு திரையில் இந்த அட்டவணையைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒருவர், ஹங்வெல்லயில் 9 என்றும் நாகலகம் வீதியில் 6 என்றும் படித்தால், கீழே தண்ணீர் குறைவு என்று ஆறுதல் அடைய எல்லா வாய்ப்பும் இருக்கிறது. உண்மையில் இரண்டு இடங்களிலும் சிறு வெள்ள மட்டம் தாண்டப்பட்டுவிட்டது. ஒவ்வொரு நிலையத்தின் எண்ணையும் அந்த நிலையத்தின் மூன்று மட்டங்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும், ஒரு நிலையத்தை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது என்ற ஒரு வரியை அட்டவணையின் தலைப்பில் சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

பலர் நாகலகம் வீதியின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த எண், வந்துவிட்ட தண்ணீரைச் சொல்கிறது. வரப்போகும் தண்ணீர் மேலே உள்ள வரிசைகளில் இருக்கிறது. ஹட்டன், நோர்வூட் பக்கம் கொட்டும் மழை கித்துல்கலையைக் கடந்து, தெரணியகலையிலிருந்து வரும் சீதாவக்க கங்கையோடும் ஹொலொம்புவையின் குருகொட ஓயாவோடும் கலந்து, ஹங்வெல்லயைத் தாண்டி, தாழ்ந்த சமவெளியில் பரவிப் பரவிக் கொழும்பை அடைவதற்குக் கணிசமான நேரம் எடுக்கிறது. நகரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறுவது இதனால்தான். ஆகவே அட்டவணையை மேலிருந்து கீழே படிக்க வேண்டும். கிளென்கோஸில் இறங்கத் தொடங்கியிருந்தால், ஹங்வெல்ல சற்றுப் பின்னர் இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஹங்வெல்லயிலும் இறங்கத் தொடங்கிய பின்னரே நாகலகம் வீதியைப் பற்றிச் சிறிது நிம்மதி கொள்ளலாம்.

வெல்லம்பிட்டியில் வசிக்கும் என் அக்காவோடு இதைப் பற்றி ஒருமுறை பேச நேர்ந்தது. "தம்பி, புயல் போயிட்டுதாம், ரீவீயில சொன்னாங்க. மழையும் விட்டுட்டு. இனி என்ன பயம்?" என்று கேட்டார். அட்டவணையைத் திறந்து பார்த்தபோது ஹங்வெல்லயின் அண்மைய எண் முந்தியதைவிடக் கூடியிருந்தது. "ஹங்வெல்லயில இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கு அக்கா. ஃப்ரிஜ்ஜை மேல ஏத்திப் போடுங்க, பத்திரங்களையும் பிள்ளைகளின்ட புத்தகங்களையும் மாடிக்குக் கொண்டுபோங்க" என்றேன். சீமெந்துக் கற்களை அடுக்கி ஃப்ரிஜ்ஜை அதன்மேல் ஏற்றினார்கள். எரிவாயுச் சிலிண்டரைக் கழற்றிச் சுவரோடு கட்டினார்கள். அரிசிப் பையையும் மருந்துகளையும் மேல்மாடி வீட்டாரிடம் ஒப்படைத்தார்கள். அன்றிரவு தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, கட்டில் காலின் பாதியளவுக்கு நின்றது. வீட்டைக் கழுவித் துடைக்க வேண்டியிருந்தது, ஆனால் விலைபெறுமதியான எதையும் அவர்கள் இழக்கவில்லை. ஒரு சேவையைச் சிறந்தது என்று சொல்வதற்கு எனக்கு இதைவிட வேறு அளவுகோல் தேவையில்லை.

மேலே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றனவே, அவை தண்ணீரைப் பிடித்துவைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். களனியின் வடிநிலம் ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர். அதன் முழுப் பரப்பிலும் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 23 கோடி கன மீற்றர். அந்த இரண்டு நீர்த்தேக்கங்களின் கொள்ளளவையும் கூட்டினாலும் 20 கோடி கன மீற்றரை எட்டாது. அவையும் மலை உச்சிப் பகுதியில் விழும் நீரை மட்டுமே மறிக்கின்றன, தெரணியகலையிலும் ருவன்வெல்லயிலும் பெய்வது அவற்றின் பக்கம் போவதே இல்லை. பருவமழையால் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அவற்றிலிருந்தும் நீர் வழிந்து வெளியேற நேரிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் "150 மில்லிமீற்றருக்கும் அதிகமான மிகப் பலத்த மழை" என்று வரும்போது, அந்த மழை எந்த மாகாணத்துக்கு என்பதைப் பார்க்க வேண்டும். சப்ரகமுவவும் மத்திய மாகாணமும் குறிப்பிடப்பட்டிருந்தால், மேல் மாகாணத்தின் பெயர் அதில் இல்லாவிட்டாலும், அந்தச் செய்தி சேதவத்தைக்கும் மட்டக்குளிக்கும் உரியதுதான்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் மொழி. அட்டவணை ஆங்கிலத்தில் இருக்கிறது. நிலையங்களின் பெயர்களும் ஆங்கில எழுத்துகளிலேயே இருக்கின்றன. கிராண்ட்பாஸ், மட்டக்குளி, வெல்லம்பிட்டி, கொலன்னாவை என்று களனியின் தென்கரை நெடுகத் தமிழ் பேசும் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கின்றன. நாட்கூலிக்குப் போகிறவர், நடைபாதைக் கடை வைத்திருப்பவர், பிள்ளைகளைப் பேத்தியாரிடம் விட்டுவிட்டு வீட்டுவேலைக்குச் செல்லும் தாய் ஆகியோருக்கு இந்த அட்டவணை சென்று சேர்வதில்லை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று என்று அரசியலமைப்பு சொல்கிறது. வேறு எந்த ஆவணம் பிந்தி மொழிபெயர்க்கப்பட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், ஆற்றின் எண் பிந்தக் கூடாது. உண்மையில் இங்கே மொழிபெயர்க்க வேண்டியது மிகக் கொஞ்சம். நிலையங்களின் பெயர்களும் நிரல்களின் தலைப்புகளும் மாறுவதே இல்லை. ஒருமுறை மூன்று மொழிகளிலும் அச்சுப்போல் அமைத்துவிட்டால், பின்னர் மாறுவது எண்கள் மட்டுமே. ஒரு வாரத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது நடக்கும்வரை, ஒவ்வொரு பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் தன் அறிவித்தல் பலகையில் களனியின் நிலையங்களையும் அவற்றின் மூன்று மட்டங்களையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்தால், பெரிய மழையின்போது அன்றைய எண்ணை மட்டும் இளைஞர் ஒருவர் சுண்ணக்கட்டியால் எழுதிவிடலாம்.

இரண்டாவது குறை, அட்டவணை இந்த நேரத்தைச் சொல்கிறதே ஒழிய அடுத்த நேரத்தைச் சொல்வதில்லை. திணைக்களம் தனியாக வெளியிடும் வெள்ள எச்சரிக்கைகளில், வரும் மணித்தியாலங்களில் தொம்பே, ஹங்வெல்ல, கடுவலை, பியகம, களனி, கொலன்னாவை, வத்தளை, கொழும்பு ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகளில் எவை பாதிக்கப்படலாம் என்று குறிப்பிடுகிறார்கள். அந்த எச்சரிக்கையையும் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கிறது. நாகலகம் வீதியின் உச்ச மட்டம் எவ்வளவாக இருக்கும், எப்போது வரும் என்ற உத்தேச மதிப்பீடு அந்த வரிசையிலேயே இருந்தால் மக்கள் தாமே முடிவெடுப்பார்கள்.

மூன்றாவது குறை திணைக்களத்தைச் சேர்ந்ததல்ல, நம்முடையது. அட்டவணையைத் திரைப்பிடிப்பு எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும்போது, மேலே உள்ள திகதியும் நேரமும் வெட்டுப்பட்டுவிடுகின்றன. காலையில் எடுத்த படம் மாலையில் குழுவுக்குள் வந்து சேர்கிறது. சில வேளைகளில் போன வருடத்துப் படமும் வருகிறது. நேரம் தெரியாத நீர்மட்டத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது.

இந்தச் சேவையிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. வெள்ளவத்தையிலோ கிருலப்பனையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு மணித்தியாலம் கொட்டும் மழையால் வீதியில் முழங்காலளவு தண்ணீர் நிற்பது களனியின் வெள்ளம் அன்று. அது நகரத்தின் கால்வாய்களும் வடிகால்களும் தாங்க முடியாமல் திணறுவதன் விளைவு. 2010 நவம்பரில் ஓரிரவு மழையில் பாராளுமன்றத்தையே தண்ணீர் சூழ்ந்தபோது நடந்தது அதுதான். அதற்கு இந்த அட்டவணையில் விடை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்ற ஓர் இடம் உண்டு. கொழும்பின் கால்வாய்களில் ஒரு பகுதி வடக்குப் பக்கமாகக் களனியில்தான் வந்து விழுகிறது. ஆறு உயர்ந்து நிற்கும்போது ஆற்று நீர் நகரத்துக்குள் திரும்பாமல் இருக்க அங்குள்ள கதவை மூட வேண்டியிருக்கும். மூடினால் உள்ளே பெய்யும் மழைக்கு அந்த வழி அடைபட்டுப்போகும். நாகலகம் வீதியின் எண் உயர்ந்திருக்கும் நாளில் நகருக்குள்ளும் பெருமழை பெய்யுமானால், ஆற்றிலிருந்து தள்ளி இருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஆற்றுக்கும் வெள்ளத் தடுப்பு அணைக்கும் இடையே வீடு கட்டியிருப்பவர்களுக்கோ இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது. அவர்கள் விழிப்பு மட்டத்திலேயே மூட்டை கட்டத் தொடங்க வேண்டும்.

மலைநாட்டில் உறவினர் உள்ளவர்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். அதில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுவது. அவசர உதவிக்கு 117.

கடைசியாக, தண்ணீர் வடியும் காலத்திலும் இந்த அறிக்கையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். பெரும்பாலான வீடுகளில் இறங்குகிறது என்ற முதல் செய்தி கிடைத்தவுடனேயே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மேலே மறுபடியும் மழை பெய்து, நோர்வூட்டிலோ தெரணியகலையிலோ எண் ஏறத் தொடங்கினால், அரைகுறையாகக் கழுவிய வீட்டுக்குள் மீண்டும் சேற்றுத் தண்ணீர் வரும். நாகலகம் வீதி 4 அடிக்குக் கீழே இறங்கி, மேல்நிலையங்கள் அனைத்திலும் இறக்கம் தொடர்ந்து பதிவாகும்வரை காத்திருப்பதே நல்லது. திரும்பிய பின்னரும், நனைந்த மின் சொருகிகளை மின்னியலாளர் பார்க்கும்வரை பிரதான ஆளியைப் போட வேண்டாம். கிணற்று நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இட்டுச் சரி என்று சொல்லும்வரை குடிக்க வேண்டாம்.

ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், உள்ளடக்கத்துக்கு ஐந்தும் கொடுப்பேன். மக்களிடம் சென்று சேரும் விதத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. மழையிலும் இருட்டிலும் ஆற்றங்கரைக்குச் சென்று அளவுகோலைப் படித்து எண்ணை அனுப்பும் ஊழியர்களின் உழைப்பு அந்த ஐந்துக்கும் உரியது. மீதி மூன்று நட்சத்திரங்களும் நாகலகம் வீதியின் பெயர் தமிழில் அச்சாகி, அதன் அடிக் கணக்குக்குப் பக்கத்தில் மீற்றர் கணக்கும் வரும் நாளில் சேரட்டும்.